பங்களாக் கல்

நீடாமங்கலம் போகும் சாலையில், வெண்ணாற்றங்கரையில், எங்கள் பண்ணையாரின் பங்களா இருந்தது. எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரன் கட்டியது. முழுக்கச் செங்கல், மேலே பூச்சு கிடையாது. ஒரு வரிசைக் கல் நீளவாட்டில், அதற்கு மேல் வரிசை குறுக்குவாட்டில் என்று மாற்றி மாற்றி அடுக்கியிருப்பான். ஜன்னலுக்கு மேல் மரமே வைக்காமல் கல்லையே வில்லாக வளைத்திருப்பான். வேர்த்துக் கொட்டுகிற ஊரில் குளிர்காய அடுப்பும் புகைபோக்கியும் வேறு. அந்தக் கூத்தை நினைத்தால் இன்றும் சிரிப்பு வரும். ஆனாலும் அழகான வீடு. இல்லையென்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும்.

நாங்கள் அவர் நிலத்தில் மண்சுவர்க் குடிசையில் இருந்தோம். எங்கள் தெருவில் எவனும் செங்கல் வைத்துக் கட்டக்கூடாது. அது எழுதாத சட்டம். அறுப்புக் கூலிக்காக ஊருக்கு ஊர் அடிதடி நடந்த காலம். அப்போதுதான், குடியிருக்கிற மனை கூலியாளுக்கே சொந்தம் என்று கழக ஆட்சியில் சட்டம் வந்தது. அதிகாரி வந்து குடிசையைப் பார்த்துவிட்டுப் பட்டா கொடுப்பார் என்றார்கள்.

அந்த வாரம் பார்த்துப் பண்ணையார் பங்களாவின் பின்கட்டை இடித்தார். அப்பாவைக் கூப்பிட்டு, "எத்தனை நாளைக்குடா மண்ணுக்குள்ள கெடப்ப? கல்லை அள்ளிட்டுப் போயி நல்ல வீடா கட்டிக்க," என்றார். அப்பா உருகிப்போனார்.

"இந்தா, அவசரப்படாத. மொதல்ல பட்டா வரட்டும்," என்றாள் அம்மா. கேட்டால்தானே. மறுநாளே குடிசையைப் பிரித்துப் போட்டுவிட்டு, அதே இடத்தில் கல்லை அடுக்கினார். பாவி மனுஷர், அன்றைக்கு முழுக்கப் பாடிக்கொண்டே இருந்தார்.

அதிகாரி வந்தார். கூடவே பண்ணையாரின் காரியஸ்தர்.

"வீடு எங்கய்யா?" என்று அப்பாவைக் கேட்டார் அதிகாரி.

"இனிமேதாங்க கட்டணும்."

காரியஸ்தர் குறுக்கிட்டார். "இது எங்க ஐயா கல்லு அடுக்கி வச்சிருக்கிற எடங்க."

அதிகாரி திரும்பி அப்பாவைப் பார்த்தார். அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டார். "ஆமாங்க, ஐயா கல்லுதாங்க," என்றார். நன்றி சொல்வதாக நினைத்துச் சொன்னார்.

"காலி மனைக்குப் பட்டா கெடையாதுய்யா," என்று சொல்லிவிட்டு அதிகாரி போய்விட்டார்.

சாயங்காலமே கல்லை ஏற்றிப் போக மாட்டுவண்டி வந்தது. அம்மா வெட்டவெளியில் அந்தக் கல் மூன்றைக் கூட்டி உலை வைத்திருந்தாள். மற்றதையெல்லாம் ஏற்றிவிட்டு வண்டிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "சோத்த வடிச்சுக்கம்மா, நிக்கிறேன்," என்றார்.

அம்மா பானையை இறக்கியதும், சூடு ஆறாத மூன்று கல்லையும் சாக்கால் பிடித்து எடுத்து வண்டியில் வைத்தார்.