மேல் சக்கரத்து ரப்பர்

நான் பயந்தவன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமே கிடையாது. ராயபுரத்தில் எங்கள் தெருவில் நாய் குரைத்தால் முதலில் கதவைச் சாத்துகிறவன் நான்தான் என்று என் தங்கை ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். அப்படிப்பட்டவனுக்கு எழுபதுகளின் தொடக்கத்தில் வாய்த்த வேலை, தண்டையார்பேட்டையில் ஒரு மரப் பட்டறையில் பேண்ட் சா ஓட்டுவது.

பேண்ட் சாவைப் பார்க்காதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மேலே ஒன்று கீழே ஒன்றாக இரண்டு பெரிய இரும்புச் சக்கரங்கள். இரண்டையும் சுற்றி, பல் வைத்த எஃகுப் பட்டை ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். நடுவில் மேசை. நான் இந்தப் பக்கம் நின்று மரத்தைத் தள்ளுவேன், அந்தப் பக்கம் ஒருவர் நின்று இழுப்பார். ஹார்பருக்குப் போகும் மரப் பெட்டிகளுக்குப் பலகையும், கப்பலில் சரக்கு உருளாமல் இருக்க முட்டுக் கொடுக்கும் ஆப்பும் நாங்கள்தான் அறுத்தோம்.

அந்தச் சக்கரங்களின் விளிம்பில் ரப்பர் போட்டிருக்கும். பட்டை வழுக்காமல் பிடித்து ஓடுவது அந்த ரப்பரால்தான். ரப்பர் நடுவில் லேசாக மேடு தட்டி இருக்க வேண்டும். மேடு இருக்கிறவரை பட்டை நடுவிலேயே நிற்கும். மேடு தேய்ந்து பள்ளமாகிவிட்டால் பட்டைக்குப் புத்தி தடுமாறிவிடும். முன்னே வரும், பின்னே போகும். ஒரு நாள் சக்கரத்தை விட்டே இறங்கிவிடும்.

இறங்கினால் என்ன ஆகும் என்பதற்குப் பட்டறை வாசலிலேயே ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். எங்கள் வாட்ச்மேன். நான் பலகை தூக்குகிறவனாகச் சேர்ந்த புதிதில் அவர்தான் மிஷினில் மரம் இழுத்துக்கொண்டிருந்தார். என் கண் முன்னால்தான் பட்டை கழன்றது. வலது கையில் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மிஞ்சின. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அவருக்குக் காக்கிச் சட்டை கொடுத்து வாசலில் ஸ்டூல் போட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர் பட்டறைக்குள் கால் வைத்ததே இல்லை. ஸ்டூலைக்கூடத் தெருவைப் பார்த்துப் போட்டு, மிஷினுக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார். காலையில் நான் உள்ளே நுழையும்போது அந்த இரண்டு விரலால் ஒரு சலாம் வைப்பார். அன்றைய பயம் எனக்கு அந்தச் சலாமிலேயே தொடங்கிவிடும்.

அதனால் நான் அளப்பேன். வாரா வாரம் மிஷினை நிறுத்தி, கதவைத் திறந்து, ரப்பரின் குறுக்கே எஃகு ஸ்கேலைச் செங்குத்தாக வைத்துப் பார்ப்பேன். நல்ல ரப்பர் என்றால் ஸ்கேல் நடு மேட்டில் தங்கி இரண்டு பக்கமும் ஆடும். ஆடாமல் உட்கார்ந்து, நடுவில் ஸ்கேலுக்கு அடியில் வெளிச்சம் தெரிந்தால் ரப்பர் குழி விழுந்துவிட்டது என்று அர்த்தம். அப்புறம் காலிபரை எடுத்து ஓரத்திலும் நடுவிலும் கனம் பார்ப்பேன். நகத்தால் அழுத்தியும் பார்ப்பேன். பட்டறை ஆட்கள் எனக்கு டாக்டர் என்று பேர் வைத்திருந்தார்கள்.

"இன்னா டாக்டரே, நாடி எப்டி கீது?" என்று அதிகமாகக் கேட்கிறவன் என் தங்கை புருஷன். அவன்தான் அப்போது எனக்கு எதிரில் நின்று மரம் இழுத்தான்.

அவனை அந்த வேலையில் சேர்த்துவிட்டதும் நான்தான். கல்யாணமான கையோடு வேலை இல்லாமல் காசிமேட்டில் சுற்றிக்கொண்டிருந்தான். சிரித்த முகம், எதற்கும் கவலை கிடையாது. பட்டறையில் அவனுக்குக் கைராசிக்காரன் என்று பேர் வந்துவிட்டது. அவன் முதலில் தொட்ட மரத்தில் முடிச்சு வராது என்று மேஸ்திரியே நம்பினார். எனக்கு அந்தப் பேச்சே பிடிக்காது. என் தங்கை தினமும் காலையில் சோற்றுத் தூக்கை என் கையில் கொடுத்து, "அண்ணே, இவர இட்டுகினு போற மாதிரியே திரும்பி இட்டுகினு வந்துடு" என்பாள். சும்மா சொல்வதுபோலத்தான் சொல்வாள். அவளுக்கு அப்போது ஐந்து மாதம். நாள் பூராவும் மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கும் அவன் கைகளைப் பார்த்துக்கொண்டேதான் நான் மரம் தள்ளினேன்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் ஸ்கேலுக்கு அடியில் வெளிச்சம் தெரிந்தது. மேல் சக்கரம். கீழே நன்றாகத்தான் இருந்தது. மேலே ரப்பர் நகம் இறங்காத அளவுக்கு இறுகி, நடுவில் பட்டை ஓடி ஓடி வாய்க்காலே வெட்டியிருந்தது. அன்றைக்கு மரம் அறுக்கும்போது வழக்கமான இரைச்சலுக்கு நடுவில் 'டிக் டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. வேறு யாருக்கும் கேட்கவில்லை. மிஷினை நிறுத்திவிட்டு மேஸ்திரியிடம் போனேன்.

மேஸ்திரி கெட்டவர் அல்ல. சொன்னதும் கேட்டுக்கொண்டார். டயர் கடையில் புது ரப்பர் பட்டை வாங்கிக் கொடுத்தார். பூஜைக்கு முந்தின நாள் மத்தியானமே வேலையை நிறுத்திவிடுவார்கள், மறுநாள் யாரும் மிஷினைத் தொட மாட்டார்கள், ரப்பர் காய அதைவிட நல்ல சமயம் கிடைக்காது என்று நான் கணக்குப் போட்டேன். கெட்டிக்காரத்தனமான கணக்கு என்று எனக்கே என் மேல் ஒரு மதிப்பு வந்தது.

மத்தியானம் பட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, பழைய ரப்பரை உளியால் உரித்தேன். இரும்பைச் சுரண்டி, பெட்ரோல் போட்டுத் துடைத்தேன். வெறும் இரும்பின் மேல் நூலைச் சுற்றி அளவெடுத்தேன். பழைய ரப்பரின் மேல் அளந்தால் புதியது தொளதொளவென்று வந்துவிடும். நூல் அளவைவிடக் கொஞ்சம் குறைவாகவே வெட்டினேன். இழுத்துப் போட்டால்தான் இரும்பைக் கவ்வும். முனைகள் இரண்டையும் சாய்வாகச் சீவினேன். ரப்பர் ஒட்டும் சொல்யூஷன் தடவி, நானும் மாப்பிள்ளையும் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்து உட்கார வைத்தோம். மேலே சணல் கயிற்றை நெருக்கமாகச் சுற்றி இறுக்கிக் கட்டினேன்.

"இது நாளை மறுநாள் வரைக்கும் அசையக் கூடாது மேஸ்திரி."

"யாரு அசைக்கப் போறா? நாளைக்கி பூஜ" என்றார் அவர். வீட்டுக்குப் போகும்போது, ரப்பர் இன்னும் காயவில்லை என்று வாசலில் வாட்ச்மேனிடமும் சொல்லிவிட்டுப் போனேன்.

நாங்கள் வேதக்காரர்கள், மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். பூஜை அன்று நான் மெதுவாக, எல்லாம் முடிந்த பிறகு போய், பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். மிஷின் மேசையில் குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம் இரண்டு பாதியாகக் கிடக்கும். அதைக் கத்தியால் அறுத்து வைக்கிறார்கள் என்றே இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். மாப்பிள்ளைக்குக் கோயில் பூசையும் ஒன்றுதான், பட்டறைப் பூஜையும் ஒன்றுதான், சுண்டல் இருந்தால் போதும். அவன் விடிந்ததுமே கிளம்பிப் போய்விட்டான். எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. ரப்பரை ஒரு தடவை பார்த்துவிட்டு வரலாம் என்று நானும் சீக்கிரமே கிளம்பினேன்.

உள்ளே போனேன். மிஷினைத் தலையோடு கால் கழுவியிருந்தார்கள். மஞ்சள் தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. நான் சுற்றிய கயிற்றைக் காணோம். சக்கரத்துக்கு மாலை, கதவுக்குச் சந்தனம். பட்டையை மாட்டி, பல்லுக்குப் பல் குங்குமம் வைத்திருந்தார்கள். மேசைக்கு முன்னால் மாப்பிள்ளை நெற்றியில் பொட்டோடு, கையில் எலுமிச்சம்பழத்தோடு நின்றான்.

"கயிறு எங்க மேஸ்திரி?"

"சாமி கும்புடற எடத்துல சணல் கயிறு பார்வையா இல்ல பா. நான்தான் அவுத்தேன். கெட்டியாத்தான் ஒட்டிக்கினு கீது."

"எலுமிச்சம்பயம் எதுக்கு?"

"மொத மரத்துக்கு முன்னாடி மிஷினு மொத பயத்த அறுக்கணும். வருசா வருசம் செய்றதுதான். இந்த வருசம் கைராசிக்காரன் கையால."

ஈரம் பட்ட சொல்யூஷன். காயாத ரப்பர். அதன் மேல் முறுக்கி ஏற்றிய பட்டை. பழம் பலகை மாதிரி நீளமில்லை. அதைப் பிடித்திருக்கிற விரல் பல்லுக்குப் பக்கத்திலேயேதான் இருக்கும்.

"இன்னும் காயல மேஸ்திரி. நாளைக்கி வச்சிக்கலாம்."

"நாளைக்கி வச்சிகினா அது பூஜையா? நல்ல நேரம் போய்கினு கீது. அபசகுனமா பேசாத பா."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பார்வையில் கோபம் இருந்ததா, எனக்கு அப்படித் தோன்றியதா என்று இப்போதும் தெரியாது. பூஜையை நிறுத்த வந்த வேதக்காரன் என்று ஒருவன் நினைத்தாலும் போதுமே. மாப்பிள்ளையிடம் நெருங்கி, "பயத்த எங்கிட்ட குடு" என்றேன்.

அவன் சிரித்தான். "மச்சான், உன் கை நடுங்கற நடுக்கத்துல பயம் தானாவே அறுந்துடும். நீ வெளிய போய் நில்லு."

எல்லோரும் சிரித்தார்கள். வெளியே என்று அவன் சொன்ன பிறகுதான் எனக்கு மெயின் போர்டு ஞாபகம் வந்தது. அது பட்டறைக்குள் இல்லை, வாசல் சுவரில், வாட்ச்மேன் ஸ்டூலுக்குப் பக்கத்தில் இருந்தது. ஃபியூஸ் கட்டைகளைப் பிடுங்கிவிட்டால் மிஷின் ஓடாது. வாய் பேச வராத பயந்தவனால் அதையாவது செய்ய முடியும். சிரித்தது பொறுக்காமல் போகிறவன் மாதிரி வெளியே நடந்தேன். பின்னால் மணி அடித்தார்கள், கற்பூரம் ஏற்றினார்கள். மணி நின்றதும் ஸ்டார்ட்டரை அமுக்கிவிடுவார்கள். ஓடினால் சந்தேகப்படுவார்களே என்று ஓடவும் பயம். அந்த முற்றத்தைக் கடப்பதற்குள் மாதாவிடம் என்னென்னவோ வேண்டிக்கொண்டேன்.

போர்டின் தகரக் கதவைத் திறந்தேன். மூன்று இடமும் காலியாக இருந்தன. ஃபியூஸ் கட்டைகள் இல்லை.

உள்ளே மணி நின்றது. ஸ்டார்ட்டரை அமுக்கும் சத்தம் கேட்டது. மறுபடி கேட்டது. மிஷின் ஓடவில்லை.

வாட்ச்மேன் எப்போதும்போல முதுகைத் திருப்பி, தெருவைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். காக்கி நிக்கர் பாக்கெட் புடைத்திருந்தது. அந்த இரண்டு விரல் கையை அதன் மேல் வைத்திருந்தார்.

"இன்னா பா, கரண்ட்டு பூட்ச்சா?" என்று திரும்பாமலே கேட்டார்.

"ஆமா நைனா" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஆனால் நல்ல நேரம் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. நான் உள்ளே திரும்பியபோது மேஸ்திரி கரண்டைத் திட்டிவிட்டு, மேல் சக்கரத்தைக் கையாலேயே சுற்றத் தொடங்கியிருந்தார். பட்டை மெதுவாகக் கீழ்நோக்கி ஓடியது. மாப்பிள்ளை பழத்தை அதன் மேல் வைத்து அழுத்தினான். பழம் பாதி அறுந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். அப்போது நான் சீவி ஒட்டிய இடத்தில் ரப்பர் நாக்கு மாதிரி எழும்பியது. பட்டை அந்த நாக்கின் மேல் ஏறி, ஒரு பக்கமாகச் சாய்ந்து, சக்கரத்தை விட்டு வழுக்கி மேசை மேல் விழுந்தது. மாப்பிள்ளை கையை இழுத்தான். சட்டைக் கை பல்லில் மாட்டி முழங்கை வரைக்கும் கிழிந்தது.

கை இருந்தது. விரல் எல்லாம் இருந்தன. மெதுவாகச் சுற்றியதால் இருந்தன. மோட்டார் ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அங்கே யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மேஸ்திரி மரத்தூள் மேலேயே உட்கார்ந்துவிட்டார். "நான்தானே கயித்த அவுத்தேன்" என்று இரண்டு மூன்று தடவை சொன்னார். மாப்பிள்ளை ஒவ்வொரு விரலாக மடக்கிப் பார்த்தான். அவன் சிரிக்காமல் இருந்து நான் பார்த்தது அன்றுதான்.

வீட்டுக்குப் போகும்போது அவன் வாசலில் நின்றான். தினமும் தாண்டிப் போன வாட்ச்மேனின் கையை அவன் அன்றுதான் முழுதாகப் பார்த்தான் என்று நினைக்கிறேன். தன் பங்குச் சுண்டல் பொட்டலத்தை அவர் மடியில் வைத்துவிட்டு வந்தான். வீட்டில் தங்கை சட்டையைப் பார்த்து என்ன என்று கேட்டபோது, "ஆணி மாட்டிக்கிச்சி" என்றான். அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் குனிந்து செருப்பைக் கழற்றினேன்.

அந்த ரப்பரை முழுக்க உரித்து மறுபடி போட்டேன். இரும்பு உலர்ந்ததா என்று கன்னத்தை வைத்துப் பார்த்தேன். இந்தத் தடவை கயிற்றை மேஸ்திரியே பிடித்துச் சுற்றினார். காய்ந்த பிறகு ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். நடு மேட்டில் தங்கி இரண்டு பக்கமும் ஆடியது. எல்லாம் சரியாக இருந்தும் என் பயம் போகவில்லை. மாப்பிள்ளை மேசைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றான். அவன் முகத்திலும் இப்போது பயம் இருந்தது. அது எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது என்று சொன்னால் அவன் கோபித்துக்கொள்ளக் கூடாது.

ஸ்டார்ட்டரில் கை வைப்பதற்கு முன் ஏனோ வாசலைப் பார்த்தேன். வாட்ச்மேன் ஸ்டூலைத் திருப்பிப் போட்டிருந்தார். தெருவுக்கு முதுகு, எங்களுக்கு முகம். போர்டின் தகரக் கதவு திறந்திருந்தது, ஃபியூஸ் கட்டைகள் மூன்றும் இடத்தில் இருந்தன. மெயின் சுவிட்சின் பிடி மேல் அந்த இரண்டு விரலும் இருந்தன. என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

மிஷினைப் போட்டேன். பட்டை நடுவிலேயே ஓடியது. முதல் பலகை முழுதாக அறுந்து மாப்பிள்ளையின் இரண்டு கைகளிலும் போய் விழும்வரை அவர் பிடியிலிருந்து விரலை எடுக்கவில்லை. பிறகு எழுந்து, ஸ்டூலைத் தெருப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.