ஸுபைராவின் எலும்பு மூட்டை

ஸுபைராவுக்கு வாய் நீளம் என்று பதுளைச் சந்தைக்குப் பின்னாலிருந்த சந்து முழுக்கச் சொல்லும். சொல்லட்டுமே! அந்த வாய் மட்டும் இல்லாதிருந்தால், எழுபத்து நாலாம் வருஷத்தோடு அந்தச் சந்தின் கதையே முடிந்திருக்கும். புருஷன் மௌத்தான பிறகு அவள் அங்கேதான் பலகை போட்டுக் குரக்கன் ரொட்டியும் கறியும் விற்றாள். அரிசியும் மாவும் கண்ணில் படாத காலம். கேழ்வரகில் சுட்ட அந்தக் குரக்கன் ரொட்டிக்கே வரிசை நின்றது.

ஆனால் சந்தின் கோடியில் ஒரு குப்பைமேடு. சந்தையில் கழித்த முட்டைக்கோவா இலை, அழுகிய லீக்ஸ், மீன்கார இத்ரூஸ் வீசும் தலையும் செதிலும், எல்லாம் அங்கேதான். மழை பெய்தால் நாற்றம் குடலைப் பிடுங்கும். ஒருநாள் நகரசபை இன்ஸ்பெக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து நோட்டீஸ் ஒட்டினார். மூன்று மாதத்தில் மேடு போகாவிட்டால் கடைகள் போகும். இருந்தது பதினோரு கடை. ஒவ்வொருவரும் மற்றப் பத்துப் பேரைக் குறை சொன்னார்கள்.

ஸுபைராவும் ஆசை தீரத் திட்டிவிட்டு, அப்புறம் யோசித்தாள். வெலிமடையிலிருந்து கரட் ஏற்றி வரும் ஜௌபரின் லொறி வெறுமையாகத்தான் திரும்புகிறது. போகிற வழியில் தெமோதரைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே கொழுந்து எடுக்கும் தனலெட்சுமி, சந்தைக்கு வரும்போதெல்லாம் அவளிடம் ரொட்டி வாங்குவாள். லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் காய்கறி போட நிலம் கிடைத்தும் மண்ணில் சத்தில்லை என்று வாராவாரம் புலம்புவாள்.

"தம்பி, சும்மா போற லொறியில எங்கட குப்பைய ஏத்தினா தேஞ்சா போகும்?"

"நாறும் ராத்தா!" என்றான் ஜௌபர்.

"லொறிய நான் கழுவித் தாறேன். பேசாம ஏத்து."

ஏற்றினான். தோட்டத்துப் பெண்கள் விடிகாலையில், பெயர் கூப்பிடும் பெரட்டுக்குப் போகுமுன்பே குழி வெட்டி, குப்பையைப் போட்டு மண் மூடினார்கள். மேலே போஞ்சி விதை ஊன்றினார்கள். விளைந்தால் முதல் காய் சந்துக் கடைகளுக்கு என்று பேச்சு. மூன்று லோடு போனதுமே மேடு இடுப்பளவுக்கு இறங்கிவிட்டது.

நாலாவது லோடில்தான் ஸுபைராவின் தாராள மனசு வேலையைக் காட்டியது. அவள் வீட்டு எலுமிச்சை மரத்தடியில் மாட்டெலும்பு புதைத்த பிறகுதான் அது கொத்துக் கொத்தாகக் காய்த்தது. தனலெட்சுமியின் போஞ்சிக்கும் கிடைக்கட்டுமே என்று இறைச்சிக் கடையிலிருந்து ஒரு மூட்டை எலும்பு வாங்கிக் குப்பையோடு கலந்து அனுப்பிவிட்டாள். அது தோட்டத்தில் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிய வாரம். லயங்களில் கருவாடு கூடச் சுடாத நாட்கள்!

"இனி டவுன் குப்பை ஒரு கூடை கூட உள்ள வரக் கூடாது" என்று கோயில் தலைவர் முருகையா கங்காணி சொல்லியனுப்பினார். ஜௌபர் வந்து அதைச் சொன்னபோது ஸுபைரா கரண்டியைப் போட்டுவிட்டுச் சந்தின் கோடிக்கு ஓடிப் பார்த்தாள். மேடு பாதி அப்படியே கிடக்கிறது. தவணைக்கு நாற்பது நாள்தான். கடை போனால் அடுப்பு எரியாது. அதைவிட, தனலெட்சுமி முகத்தில் இனி எப்படி முழிப்பது?

"அல்லாவே, நல்லது செய்யப் போய் நாசமாக்கிட்டேனே!" என்று வாய்விட்டு அழுதாள். மறுநாள் முதல் பஸ்ஸில் தோட்டத்துக்குக் கிளம்பினாள்.

குப்பை இறக்கிய இடம் லயத்துக்கு வெளியே, றோட்டோரம். ஸுபைரா யாரையும் கூப்பிடவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குந்தி, எலும்பைப் பொறுக்கத் தொடங்கினாள். துண்டு துண்டாக, விரல்நுனி அளவு சில்லைக் கூட விடவில்லை. பெரட்டு முடிந்து மலைக்குப் போன பெண்கள் பார்த்துக்கொண்டே போனார்கள். மத்தியானம் கொழுந்து நிறுத்துவிட்டு வந்தபோதும் அவள் அங்கேயே இருந்தாள். முருகையாவும் வந்து நின்றார்.

"தெரியாமச் செஞ்சிட்டேன் ஐயா. எங்கட மரத்துக்கு நல்லம் எண்டா உங்கட செடிக்கும் நல்லம் எண்டு நெனச்சேன்."

முருகையா அவளையும் மூட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். "மாரியாத்தாளுக்கும் தெரியுந்தாம்மா, நீங்க வேணும்னு செய்யலன்னு" என்றார். "எந்திரிங்க, வெயில் ஏறுது. இனி எலும்பும் மீனும் இல்லாம வந்தாச் சரி."

தனலெட்சுமி செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். "மொதல்ல கையக் கழுவுங்கக்கா. ரொட்டி சுட்டிருக்கேன். இன்னைக்கு நீங்கதான் எங்கிட்ட சாப்பிடணும்."

ஸுபைரா திரும்பும்போது, எலும்பு மூட்டையோடு தோட்டத்துப் பெண்கள் கொடுத்த பன்னிரண்டு பழைய கொழுந்துக் கூடைகளும் சந்துக்கு வந்தன. விளிம்பில் சிவப்புத் துணி கட்டியதில் மீனும் எலும்பும் போட வேண்டும். அது சந்திலுள்ளவர்களின் எலுமிச்சைக்கும் வாழைக்கும். கட்டாததில் இலையும் தோலும், அது தோட்டத்துக்கு. மாற்றிப் போடுகிறவனைக் கவனிக்க ஸுபைராவின் வாய் போதாதா?

தவணை நாளில் இன்ஸ்பெக்டர் வந்தார். மேடு இருந்த இடத்தில் வெறும் தரை. கடை கடையாகப் பார்த்துவிட்டு ஸுபைராவின் பலகையில் உட்கார்ந்து ரொட்டியும் போஞ்சிக் கறியும் கேட்டார்.

"அவ்வளவு குப்பையும் எங்கம்மா போச்சு?"

"அதத்தானே ஐயா சாப்பிட்டுக்கிட்டு இருக்கீங்க!"

அவர் கை நடுவிலேயே நின்றது. ஜௌபர் சிரிப்பை அடக்க முடியாமல் லொறிக்குப் பின்னால் ஓடினான். தோட்டத்துக் கதை முழுவதையும் கேட்டு முடித்ததும் இன்ஸ்பெக்டர் பீங்கானை நீட்டினார். "இன்னும் கொஞ்சம் போடுங்க" என்றார். போகும்போது நோட்டீஸைத் தன் கையாலேயே கிழித்தார்.

ஸுபைரா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். துடைத்த கண்ணில் முதலில் பட்டது இத்ரூஸ்தான். மீன்தலையைத் துணி கட்டாத கூடையில் போட்டுக்கொண்டிருந்தான்.

"டேய் இத்ரூஸ்! அது தனலெட்சுமி கூடைடா!"