வின்சன்ற் தாடி கட்டிய நத்தார்

யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறைக் கரைக்கு வள்ளங்கள் வந்து சேர்ந்ததும் மீனை ஏலம் கூறுகிறவர் வின்சன்ற். அவருக்கு ஒலிபெருக்கி தேவையில்லை. "விளைமீன்!" என்று அவர் ஒரு சத்தம் வைத்தால் ரோட்டில் போகிற சைக்கிள்காரன் பிரேக் பிடிப்பான். ஆனால் ஊரில் அவருக்கு மதிப்பைத் தந்தது குரலல்ல, நாக்கு. நேற்றைய மீனை இன்றைய மீன் என்று அவர் கூறி ஒருவரும் கேட்டதில்லை. "பழசு, பாத்து எடுங்கோ" என்று தானே முந்திக்கொண்டு சொல்லிவிடுவார். மீன்காரர் பல்லைக் கடிப்பார்கள். வாங்க வந்த பெண்கள் சிரித்துக்கொண்டே வாங்கிப் போவார்கள்.

இப்படிப்பட்ட மனுசனுக்கு வீட்டில் வருசத்துக்கு ஒரு சண்டை இருந்தது. மார்கழி பிறந்தால் போதும், மனைவி றெஜினா மகள் ஜெசிந்தாவை மடியில் வைத்து நத்தார் பாப்பாவின், அதுதான் கிறிஸ்மஸ் தாத்தாவின், கதையைத் தொடங்கிவிடுவாள். வானத்தில் மான் வண்டிலில் வருவாராம், நல்ல பிள்ளைகளுக்குப் பரிசு தருவாராம்.

தொண்ணூற்றோராம் ஆண்டு நத்தாருக்கு ஜெசிந்தாவுக்கு ஆறு வயது. அந்த மார்கழியிலும் ஒருநாள் கதை நடந்துகொண்டிருந்தது. கிழிந்த வலைத் துண்டொன்றைப் பொத்திக்கொண்டிருந்த வின்சன்றுக்குப் பொறுக்கவில்லை.

"அப்பிடி ஒருத்தரும் இல்லைப் பிள்ளை. கொம்மா சும்மா சொல்லுறா."

பிள்ளையின் முகம் வாடியது. அவள் எழுந்து வெளியே போனதும் றெஜினா திரும்பினாள்.

"இஞ்சேருங்கோ, உங்களுக்கென்ன நட்டம்?"

"பொய் பொய்தானே. அதோடை, வானத்தாலை ஒருத்தர் வாறாரெண்டு சொல்லிக் குடுக்கிற ஊரே இது? வானத்தாலை வாறது குண்டெண்டு ஆறு வயசுப் பிள்ளைக்கும் தெரியும். பொம்மர்ச் சத்தம் கேட்டால் பங்கருக்குள்ளை ஓடவேணும். அண்ணாந்து பாத்துக்கொண்டு நிக்கேலாது."

றெஜினா சொன்னாள்: "அதுக்குத்தானப்பா சொல்லுறன். வானத்தாலை நல்லதும் வருமெண்டு அதுகள் நினைக்கட்டன்."

வின்சன்ற் ஒப்புக்கொள்ளவில்லை; வலையைத் திரும்பக் கையில் எடுத்தார்.

அந்த வருசம் கோயில் வளவில் பின்னேரமே நத்தார் ஒளிவிழா வைத்தார்கள். கரண்டும் இல்லை, இருட்டினால் பயமும் கூட. வழமையாக நத்தார் பாப்பா வேசம் போடுகிற பிலிப்பு சைக்கிளால் விழுந்து காலை முறித்துக்கொண்டு கிடந்தார். சிவப்பு உடுப்பு பிலிப்புவின் வயிற்றுக்கு அளவெடுத்துத் தைத்தது. பொருளாதாரத் தடையில் ஊரே மெலிந்துபோயிருக்க, தொப்பையோடு மிஞ்சியிருந்தவர் வின்சன்ற் ஒருவர்தான். பங்குச் சுவாமியார் நேரே கரைக்கே வந்துவிட்டார்.

"நீர்தான் போடவேணும், வின்சன்ற்."

"சுவாமி, நான்தான் நத்தார் பாப்பா எண்டு என்ரை வாயாலை சொல்லமாட்டன்."

"சொல்லவேண்டாம். கேட்டதுக்கு உண்மையைச் சொல்லும். மெல்லமாச் சொல்லும், உம்மடை குரலைக் கேட்டால் பிள்ளையள் மீன் வாங்க வந்திடுங்கள்."

சுவாமியாரின் சொல்லைத் தட்ட முடியாமல் வின்சன்ற் உடுப்பைப் போட்டார். இலவம்பஞ்சுத் தாடி மூக்குக்குள் போய்த் தும்மல் வந்தது. ஊரிலேயே பெரிய குரல்காரர், சளி பிடித்த பூனைபோல முனகிக்கொண்டு மேடைக்கு வந்தார். பிள்ளைகள் மொய்த்துவிட்டார்கள்.

"எப்பிடி வந்தனீங்கள்?"

"சைக்கிளிலை."

"மான் எங்கை?"

"என்னட்டை மான் இல்லை."

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு பொடியன் எல்லாருக்கும் விளக்கம் சொன்னான்: "மானை ஆனையிறவிலை ஆமிக்காரர் மறிச்சுப்போட்டாங்கள்!"

அதோடு சந்தேகம் முழுவதும் தீர்ந்தது. பெரியவர்கள் சேலைத் தலைப்பாலும் சால்வையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். வின்சன்ற் எள்ளுப்பாகுப் பொட்டலங்களைக் கொடுக்கத் தொடங்கினார்.

வரிசையில் ஜெசிந்தா வந்தாள். பொட்டலத்தை வாங்கிக்கொண்டு போகவில்லை. அவரைக் குனியச் சொல்லிக் கையைக் காட்டினாள். பிடித்துவிட்டாள் என்றுதான் தகப்பன் நினைத்தார். அவள் தாடிக்குள் வாயை வைத்து இரகசியமாகச் சொன்னாள்:

"எங்கடை அப்பா நீங்கள் இல்லையெண்டு சொல்லுறவர். அவரோடை கோவிக்காதேங்கோ, என்ன? அவர் நல்லவர். அவருக்கும் ஏதும் குடுங்கோ."

கடற்கரையில் நூறுபேரின் சத்தத்துக்கு மேலால் கத்துகிறவர் அவளின் காதுக்குள் மெல்லச் சொன்னார்:

"அவருக்குக் கிடைச்சிட்டுது, பிள்ளை."

அவர் உடுப்பை மாற்றி வீட்டுக்கு வந்தபோது ஜெசிந்தா வாசல் படலையடிக்கே ஓடிவந்தாள்.

"அப்பா! நத்தார் பாப்பா வந்தவர்! நீங்கள் எங்கை போனனீங்கள்?"

"நான் அங்கைதான் நிண்டனான்."

"பொய்! நான் தேடினனான், நீங்கள் அங்கை நிக்கேல்லை!"

உள்ளே சோறு வடித்துக்கொண்டிருந்த றெஜினா சிரித்த சிரிப்பில் கஞ்சி அடுப்பில் சிந்தி நெருப்பு அணைந்தே போனது. வாழ்நாளில் முதல்முறையாகப் பொய்யன் என்ற பட்டம் வாங்கிய வின்சன்றும் படலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிலிப்புவின் கால் சுகமான பிறகும் அந்த உடுப்பை அவர் திருப்பிக் கொடுக்கவில்லை. அடுத்த மூன்று நத்தாருக்கும் அவரே போட்டார். ஒன்பது வயதில் ஜெசிந்தா, தாடியைக் காயப்போட்டிருந்ததைக் கண்டுபிடித்தாள். அழுவாள் என்று தகப்பன் பயந்து நிற்க, அவள் கேட்டது இதுதான்: "அப்ப அடுத்தமுறை நானும் பொட்டலம் கட்ட வரலாமோ?"

அடுத்தமுறை வந்தபோது அவர்கள் கொழும்புத்துறையில் இல்லை. தொண்ணூற்றைந்து ஐப்பசியில், ஆமி வருகிறதென்று, யாழ்ப்பாணமே வீடுகளை விட்டு எழும்பி நடந்தது. வின்சன்ற் குடும்பம் மீசாலையில் பராசக்தி என்கிற, வயல் செய்கிற கமக்காரப் பெண்ணின் மாமரத்து வளவில் கொட்டில் போட்டிருந்தது. சிவப்பு உடுப்பு விட்டுவந்த வீட்டில் கிடந்தது. றெஜினா நத்தாரைப் பற்றிக் கதைக்கவே இல்லை. வீட்டை விட்டு வந்ததிலிருந்து அவள் எதைப் பற்றியும் அதிகம் கதைப்பதில்லை.

கேட்டவள் பராசக்திதான். "உங்கடை ஆக்களுக்கு ஆரோ தாடிக்காரர் வருவாராமே? உங்கடை பெட்டை சொன்னவள். எங்கடை சின்னனுகளும் பாத்துக்கொண்டிருக்குதுகள்."

"உடுப்பு இல்லையே, தங்கச்சி."

பராசக்தி உள்ளே போய்த் தன் புருசன் கதிர்காம முருகனிடம் யாத்திரை போகையில் கட்டிய காவி வேட்டியைக் கொண்டுவந்தாள். ஜெசிந்தா தலையணையைக் கிழித்துப் பஞ்செடுத்தாள். நத்தாரன்று பின்னேரம், காவி கட்டி, வெள்ளைத் தாடி வைத்து, பனங்கட்டி நிறைந்த ஓலைக் குட்டானோடு வின்சன்ற் மாமரத்துக்குப் பின்னாலிருந்து வெளிப்பட்டார்.

கொட்டில்களில் இருந்த, நத்தார் தெரிந்த வேதக்காரப் பிள்ளைகள் கைதட்டினார்கள். பராசக்தியின் பிள்ளைகளோ அவரை ஏற இறங்கப் பார்த்தார்கள். பிறகு மூன்றுபேரும் ஒன்றாக வந்து காலில் விழுந்து, திருநீறு வாங்க நெற்றியைக் காட்டிக்கொண்டு நின்றார்கள்.

வின்சன்ற் திகைத்துப்போய் றெஜினாவைப் பார்த்தார். அவள் அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. கொட்டில் கப்புத் தடியைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வர வரச் சிரித்தாள். பராசக்தியும் சேர்ந்துகொண்டாள். வின்சன்ற் மூன்று நெற்றியையும் தடவி, "சுகமா இருங்கோ, மக்காள்" என்று சொல்லி, ஆளுக்கு இரண்டு பனங்கட்டித் துண்டு கொடுத்தார்.