போனக்காட்டுக்குப் போகும் வழியில் காணாமல் போன ஹெல்மெட்

போன மாதம் இரண்டாவது சனிக்கிழமை, நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் வழியாகப் போனக்காட்டுக்கு என் ஸ்கூட்டரில் போய்வந்தேன். காரணம் ஜெயா. மூன்று வருடம் என்னோடு ஒரே விடுதி அறையில் இருந்தவள். இப்போது திருவனந்தபுரத்தில் துணிக்கடை வேலை, கரமனையில் வாடகை அறை. அவளுடைய அப்பாவும் அம்மாவும் போனக்காடு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறார்கள். அன்று மூன்று மணிக்கு அங்கே அவள் தங்கைக்கு நிச்சயதார்த்தம். அவளுக்குக் கடையில் லீவு கிடைத்ததே அன்று ஒரு நாள்தான், பஸ்ஸை நம்பினால் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. "நான் இருக்கேன்லா, நான் கொண்டு விடுதேன்" என்று போனில் அளந்துவிட்டேன். லைசென்ஸ் எடுத்து எட்டே மாதம். இதுதான் முதல் நெடும்பயணம். குஷியில் முந்தின நாள் சோறுகூடச் சரியாக இறங்கவில்லை.

ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். தலைக்குச் சரியாகப் பொருந்தும் ஹெல்மெட் இல்லாமல் என் வண்டியில் ஏறக்கூடாது. இரண்டு வருடம் முன்பு தக்கலையில் ஒரு தோழியின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போய் விழுந்தேன். யாருடையதோ தொளதொள ஹெல்மெட். எனக்கு முன்னால் அது தரைக்குப் போய்விட்டது. ஏழு தையல். போதாக்குறைக்குக் கேரளாவில் பின்னால் இருப்பவருக்கும் ஹெல்மெட் கட்டாயம், ரோட்டோரக் கேமரா சும்மா விடாது.

காலை 5.40க்குக் கிளம்பினேன். களியக்காவிளையில் ஒரு டீ. 68 கிலோமீட்டர் ஓட்டி 8.05க்குக் கிழக்கேகோட்டை. தனியார் பார்க்கிங் ஒன்றில் விளக்குக் கம்பத்திலிருந்து மூன்றாவதாக என் சாம்பல் வண்டியை விட்டேன், கட்டணம் இருபது ரூபாய். ஜெயா டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினாள். தோசையும் ரசவடையும் சாப்பிட்டோம் (இரண்டு பேருக்கு 130 ரூபாய். ரசவடைக்காகவே இன்னொரு தடவை வரலாம்). பிறகு சாலை கம்போளம் சந்தையில் பழம், வெற்றிலை, தேங்காய், வாழையிலையில் சுற்றிய மல்லிகை. எல்லாவற்றையும் வண்டிச் சீட்டுக்கு அடியில் டிக்கியில் திணித்ததும் ஒரு எலுமிச்சம்பழத்துக்குக்கூட இடமில்லை, என் ஹெல்மெட்டையும் கையில்தான் தூக்கிக்கொண்டு அலைந்தேன். இதை நினைவில் வையுங்கள், வினையே இங்கேதான் ஆரம்பித்தது.

ஹெல்மெட் கடை பத்து மணிக்குத் திறந்தது. கடைக்காரர் வள்ளியூர்க்காரர், அறுபது வயதிருக்கும். ஜெயா கறுப்பில் பூப்போட்ட ஒன்றை எடுத்தாள். அவர் அதைப் பிடுங்கி வைத்துவிட்டு டேப்பை எடுத்தார். புருவத்துக்கு ஒரு விரல் மேலே சுற்றி அளந்தால் 54 சென்டிமீட்டர்.

"சின்னத் தலை. ஆனா கொண்டை பெருசு. கொண்டைய அவுத்துப் பின்னல் போடும்மா. கொண்டைக்கு மேல மாட்டுனா அது தொப்பிதான், ஹெல்மெட் இல்ல" என்றார்.

நிச்சயதார்த்தத்துக்கென்று விடிகாலையில் எழுந்து போட்ட கொண்டை. ஜெயாவின் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே. நான் விடவில்லை. அவிழ்த்துப் பின்னினாள். ஐந்து ஹெல்மெட் மாட்டிப் பார்த்தோம். "ஹெல்மெட்ட ஆட்டுனா கன்னமும் சேந்து ஆடணும்" என்று ஒவ்வொன்றையும் அவர் பிடித்து ஆட்டினார். நாலு வழுக்கின. ஐந்தாவது, முகம் முழுக்க மூடும் சாம்பல் நிறத்தது, கச்சிதமாக உட்கார்ந்தது. ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தது. தாடைக்கு அடியில் மாட்டும் நாடிப் பட்டைக்குள் இரண்டு விரல்தான் போனது. அந்த அளவில் கடையில் இருந்ததே அது ஒன்றுதான். 1,450 ரூபாய். திருடு போகாமலிருக்க நம்பர் பூட்டு வைத்த கம்பிக் கயிறு ஒன்று 260 ரூபாய்.

வெளியே வந்தால் மழை கொட்டுகிறது. ஜெயாவின் ஜாக்கெட் தையல்காரரிடம் இருந்தது. அவளை அங்கே போகச் சொல்லிவிட்டு, மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு நான் மட்டும் புது ஹெல்மெட்டை வண்டியில் பூட்டிவைக்கப் பார்க்கிங்குக்கு ஓடினேன். கம்பத்திலிருந்து மூன்றாவது, சாம்பல் ஸ்கூட்டர். என் சாமர்த்தியத்தைக் கேளுங்கள்: பட்டையில் பூட்டினால் கத்தியால் அறுத்துவிடுவான் என்று, கயிற்றை ஹெல்மெட்டின் முகத் திறப்பு வழியாக விட்டு, பின் சக்கரத்துக்குள்ளும் நுழைத்துப் பூட்டினேன். இனி ஹெல்மெட் வேண்டுமென்றால் வண்டியையே தூக்கிக்கொண்டுதான் போகவேண்டும். மணி 10.50. அவ்வளவு பெருமையாக இருந்தது எனக்கு.

தையல்காரரிடம் போனால், எங்களை உட்காரவைத்துத்தான் ஊக்கு தைத்தார். திரும்பும்போது 11.50, மழை விட்டிருந்தது. பார்க்கிங் வாசலில் இருந்த அண்ணாச்சி, "தமிழ்நாடு வண்டி அல்லே? இடம் போதாம அங்ஙோட்டு மாத்தி வச்சு" என்று சுவர்ப் பக்கம் கைகாட்டினார். போனேன். என் வண்டி நிற்கிறது. ஹெல்மெட் இல்லை, கயிறும் இல்லை.

பன்னிரண்டேகாலுக்குள் கிளம்பாவிட்டால் மூன்று மணிக்குப் போய்ச் சேர முடியாது. வேறு ஹெல்மெட் வாங்கினால் அது வழுக்கும். ஜெயா ஜாக்கெட் பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். அதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது.

"வண்டிய மாத்தினது நீங்க. கயித்த அறுத்தது வேற யாரு? பட்டப்பகல்ல இப்படியா? திருட்டுப் பயலுவ ஊராயிருக்கு" என்று பார்க்கிங் முழுக்கக் கேட்கக் கத்தினேன்.

"ஞான் எடுத்திட்டில்ல சேச்சி" என்றார் அவர். கம்பத்துப் பக்கம் கைநீட்டி இன்னும் என்னமோ சொல்ல வந்தார். நான் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

அப்போது கம்பத்துப் பக்கமிருந்து ஒரு ஆள் கையைத் தூக்கினார். முப்பத்தைந்து வயதிருக்கும், சட்டை முழுக்க நனைந்திருந்தது. "அக்கா, நீங்க தேடுறது இதானா பாருங்க. ஒரு மணி நேரமா நிக்கேன்."

கிட்டே போனேன். கம்பத்திலிருந்து மூன்றாவதாக நின்றது சாம்பல் ஸ்கூட்டர்தான், ஆனால் கேரள நம்பர். அதன் பின் சக்கரத்தில் என் கயிறு. அதில் எங்கள் ஹெல்மெட். நான் குனிந்து பூட்டியபோது அந்த நம்பர் பிளேட் என் மூக்குக்கு ஒரு சாண் தள்ளித்தான் இருந்திருக்கும். திருடனுக்குப் பயந்து, ஊர்பேர் தெரியாத மனுசனின் வண்டியைச் சிறைவைத்திருக்கிறேன்.

அவர் தூத்துக்குடிக்காரர், விழிஞ்ஞத்தில் கட்டுமான வேலை. கையில் ஒரு பை, அதற்குள் ரோஸ் நிறத்தில் குட்டி ஹெல்மெட். ஐந்து வயது மகளுக்கு அதே கடையில் வாங்கியிருக்கிறார். பதினொன்றரைக்கு டான்ஸ் கிளாஸ் விடும்போது வாசலில் வைத்தே மாட்டிவிடுவதாகச் சொல்லியிருந்தாராம். கடைசியில் பக்கத்து வீட்டம்மா போய்ப் பிள்ளையைக் கூட்டிவந்திருக்கிறார்.

"ஆட்டோ பிடிச்சுப் போயிருக்கலாமே? கயித்த அறுத்திருக்கலாமே?" என்றேன்.

"ஒர்க்ஷாப்புக்காரன் கட்டர் எடுத்துட்டு வந்தான் அக்கா. அறுத்தா இத எங்க வைக்க? வச்சிட்டுப் போனா எவனாவது எடுத்துருவான். புது ஹெல்மெட், ஸ்டிக்கர்கூட கிழிக்கல. யாரோ ஆசையா வாங்குனது." கொஞ்சம் நிறுத்தி, "நீங்க அங்க ஏசுனது கேட்டுச்சு. அந்த அண்ணன்தான் மழைல எனக்குக் குடை தந்தாரு" என்றார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. பூட்டைத் திறந்தேன். இரண்டு பேரிடமும் மன்னிப்புக் கேட்டேன். வாசல் அண்ணாச்சி, "சாரமில்ல, பரவாயில்ல சேச்சி, வேகம் போ" என்று கேட்டை அகலத் திறந்தார். தூத்துக்குடி அண்ணனுக்கு என் போன் நம்பரைக் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டு, குட்டி ஹெல்மெட்டை முன்னால் மாட்டிக்கொண்டு பறந்தார்.

12.14க்குக் கிளம்பினோம். நெடுமங்காடு, விதுரா, வனத்துறைச் சாவடியில் பெயர் எழுதிக் கொடுக்கப் பத்து நிமிடம். அதற்குப் பிறகு வளைவு மேல் வளைவு. ரோடு பல இடங்களில் பெயர்ந்து கிடக்கிறது, மழையில் இருபதுக்கு மேல் ஓட்டாதீர்கள். ஆனால் அந்தத் தேயிலைச் சரிவும், முகத்தில் அடிக்கும் மேகமும், பின்னாலிருந்து என் தோளைத் தட்டித் தட்டி ஒவ்வொரு வீடாகக் காட்டிக்கொண்டே வந்த ஜெயாவும்! 57 கிலோமீட்டர், 2.46க்கு அவள் வீட்டு வாசல். அவள் அம்மா மல்லிகையைக் கையில் வாங்கிக்கொண்டு, "இந்தப் பின்னலே உனக்கு லட்சணமா இருக்கு" என்றார்கள். கொண்டை போச்சே என்று முகம் வாடியவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நிச்சயதார்த்தத்தில் தட்டு மாற்றும்போது தங்கைக்குப் பக்கத்தில் நின்றாள்.

மறுநாள் காலை ஒரு புது நம்பரிலிருந்து படம் வந்தது. ரோஸ் ஹெல்மெட்டோடு ஒரு குட்டிப்பெண், முன்னால் இட்லித் தட்டு. கூடவே அவர் குரல்: "நேத்து மூஞ்சத் தூக்கி வச்சிருந்தா. இப்ப கழட்டவே மாட்டேங்கா அக்கா."

நீங்களும் இப்படிக் கிளம்புவதாக இருந்தால்: தலையை அளந்து வாங்குங்கள், நிறம் பார்த்து வாங்காதீர்கள். பட்டையில் பூட்டாதீர்கள், முகத் திறப்பு வழியாகக் கயிற்றை விடுங்கள். பூட்டும் முன் நம்பர் பிளேட்டை வாய்விட்டுப் படியுங்கள், யார் சிரித்தாலும் பரவாயில்லை. ஹெல்மெட்டின் உள்பக்கம் உங்கள் போன் நம்பரை அழியாத மையில் எழுதி வையுங்கள். அன்று இரவே இரண்டு ஹெல்மெட்டிலும் நான் எழுதிவிட்டேன். திருடன் அதைப் பார்த்து போன் பண்ணமாட்டான். மழையில் நின்று காவல் காக்கிறவன் பண்ணுவான்.