எறும்பு ஏறாத பிஸ்கட்

வைட்ஃபீல்டில் மென்பொருள் வேலை பார்க்கிறேன். எதையும் பட்டியல் போட்டுச் செய்வது என் பழக்கம். சென்ற கிருஷ்ண ஜெயந்திக்கு, சீடை வெடிக்குமே என்று பயந்து, புதிதாக வாங்கிய சிறிய ஓவனில் ஓட்ஸ் பிஸ்கட் செய்தேன். பட்டியலின் கடைசி வரி: 'ஐசிங் சர்க்கரை, இரண்டாம் தட்டு, வெள்ளை டப்பா.' அந்த டப்பாவை எடுத்து, பொடியைப் பாலில் குழைத்து, பிஸ்கட்களின் மேல் தடவினேன். சற்று நறநறவென்று இருந்தது. ஆனால் ருசி பார்க்கவில்லை. சாமிக்குப் படைக்கும் முன் எங்கள் வீட்டில் யாரும் எதையும் வாயில் வைப்பதில்லை.

படைத்து முடித்ததும் அண்ணனின் நான்கு வயது மகள் தட்டை நோக்கிக் கை நீட்டினாள். அப்போதுதான் கவனித்தேன். ஐசிங் போதாமல் வெறுமனே விட்ட இரண்டு பிஸ்கட்களை எறும்புகள் மொய்த்திருந்தன. ஐசிங் தடவியவற்றில் ஓர் எறும்புகூட இல்லை. குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணா, அந்த வெள்ளை டப்பால என்ன இருக்கு?"

"கேரம் பவுடர். பாக்கெட் கிழிஞ்சிடுச்சுன்னு நான்தான் கொட்டி வெச்சேன். அதுல இருந்த சர்க்கரைய எப்பவோ காபில போட்டுட்டேனே."

கேரம் பலகையில் தூவுவது போரிக் பவுடர். கரப்பான்பூச்சியைக் கொல்ல வைப்பதும் அதுதான். தட்டோடு குப்பையில் கொட்டினோம்.

இப்போது எல்லா டப்பாவிலும் பெயர் ஒட்டியிருக்கிறேன். அதை மட்டும் நம்புவதில்லை. ஐசிங் செய்யும் முன் ஒரு சிட்டிகைப் பொடியை ஜன்னலோரம் வைக்கிறேன்.

"சாமிக்கு முன்னாடி எறும்புக்காடி படைக்கிற?" என்கிறார் அம்மா.

எறும்பு வந்த பிறகுதான் பாலை ஊற்றுகிறேன்.