தனக்குத் தானே போட்ட ஆப்சென்ட்

அறுபத்து மூன்று வயதில் பத்தாம் வகுப்பில் சேர்ந்த மணியக்காவுக்குப் பரீட்சை என்றால் பயமே கிடையாது. முப்பத்தொரு வருடம் ஒரு பள்ளிக்கூடத்தில் மணி அடித்து, கேட் சாத்தி, வகுப்பு வகுப்பாகச் சுற்றறிக்கை கொண்டுபோனவர். அவர் பார்க்காத பரீட்சையா? எழுதியதுதான் இல்லை. எட்டாவதோடு வீட்டில் நிறுத்திவிட்டார்கள்.

ஒவ்வொரு வருடமும் பத்தாம் வகுப்பு முடிவுகளைப் பசை தடவி நோட்டீஸ் பலகையில் ஒட்டுவது அவர் வேலை. பிள்ளைகள் முண்டியடித்துத் தங்கள் எண்ணைத் தேடும்போது, ஒதுங்கி நின்று விரலில் காய்ந்த பசையை உரித்துக்கொண்டிருப்பார். அந்தத் தாளில் ஒரு தடவையாவது தன் எண் இருக்கவேண்டும் என்று அவருக்கு ஆசை. யாரிடமும் மூச்சு விட்டதில்லை. ஆசை அதுபாட்டுக்கு உள்ளே உட்கார்ந்திருந்தது.

ஓய்வு பெற்று மூன்று வருடம் கழித்து, வெளியூரிலிருந்து வந்த மகள் போனில் ஒன்றைக் காட்டினாள். அறுபது கடந்தவர்களுக்கு இணையவழிப் பத்தாம் வகுப்பு. மாதக் கட்டணம் ஒரு சினிமா டிக்கெட் விலைதான். தினம் காலை பத்து மணிக்கு ஒரு பாடம் போனுக்கு வந்துவிடும். வெள்ளிக்கிழமை மத்தியானத்திலிருந்து ஐந்து மணிவரை டீச்சரைப் போனில் கூப்பிட்டுச் சந்தேகம் கேட்கலாம்.

பஸ் ஓட்டி ஓய்ந்த வீட்டுக்காரருக்கு வாய் சும்மா இருக்குமா?

"அஞ்சுல வளையாதது அம்பதுல வளையுமாம்மா?"

"நமக்கு அறுபத்திமூணுங்க. அந்தப் பழமொழி நம்மளத் தாண்டிப் போய் ரொம்ப நாளாச்சு" என்றார் மணியக்கா.

பத்து அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போதே தலைவாரி, புடவை மாற்றி, சமையல்கட்டு மேஜையில் போனைத் தண்ணீர்க் குடத்தின்மேல் சாய்த்து வைத்து உட்கார்ந்துவிடுவார். திரையில் டீச்சர் வந்து "வணக்கம், நோட்டை எடுத்தாச்சா?" என்று கேட்டால், "எடுத்தாச்சுங்க டீச்சர்" என்று பதிலும் போகும். அது என்றைக்கோ படம் பிடித்தது என்று அவருக்கும் தெரியும். அதற்காகக் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியுமா?

பக்கத்தில் ஒரு நோட்டு. அதில் கட்டம் போட்டு, தேதி எழுதி, தனக்குத் தானே வருகை போட்டுக்கொண்டார். பத்து மணிக்கு உட்கார்ந்தால் ஒரு டிக். பத்து நிமிடம் தாமதமானால் ஆப்சென்ட். குழாய் உடைந்து வீடெல்லாம் தண்ணீர் ஓடிய அன்று ஆப்சென்ட். பென்ஷனுக்காக வங்கியில் வரிசையில் நின்ற அன்றும் அப்படியே. வீட்டுக்காரர் நெஞ்சுச் சளியோடு இரண்டு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கட்டம் கட்டமாய் ஆப்சென்ட் விழுந்தது.

"அந்தப் பாடம் எல்லாம் அங்கேயேதான் கிடக்கு. எப்ப வேணா பாக்கலாம்னு பொண்ணு சொல்லிட்டுதானே போனா?" என்று வீட்டுக்காரர் கேட்டுப் பார்த்தார்.

"பீரியட் முடிஞ்சா முடிஞ்சதுதாங்க."

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றவரிடம் என்ன பேசுவது?

பரீட்சைக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் ஒரு வெள்ளிக்கிழமையில் வந்து நின்றது. மாலை ஐந்து மணிவரைதான் நேரம். நாலு மணிக் காபி குடித்து முடித்த கையோடு மணியக்கா நோட்டைப் பிரித்தார். மொத்தம் எண்பத்து நான்கு பாடம். இருபத்து நான்கு ஆப்சென்ட். முக்கால் பங்கு வருகை இருந்தால்தான் பரீட்சை என்பது அவர் பள்ளிக்கூடத்துச் சட்டம். இரண்டு தடவை எண்ணினார். மூன்று நாள் குறைந்தது. நோட்டை மூடி, "இந்த வருஷம் இல்லைங்க" என்றார்.

வீட்டுக்காரருக்குச் சிரிப்பதா அழுவதா என்று புரியவில்லை. "மூணே மூணு டிக்கு. போட்டுடு. யாரு வந்து பாக்கப் போறா?"

"யாரும் பாக்கலேன்னா வராதவ வந்தவளா ஆயிடுவாளா?"

"பைத்தியமா உனக்கு? நாலு மாசம் விழுந்து விழுந்து படிச்சது எதுக்கு?"

மணியக்கா மேஜையைத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்த இடத்தையே துடைத்தார். அப்புறம், இத்தனை வருடம் கட்டின புருஷனிடம்கூடச் சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

"இருபது வருஷத்துக்கு முன்னாடி ஒரு பொண்ணு இருந்துச்சுங்க. பத்தாவது. அம்மா படுத்த படுக்கை. மருந்து குடுத்துட்டு ஓடி வரும். நான் ஒம்பதரைக்கு கேட்டைச் சாத்திடுவேன். கம்பியப் புடிச்சுக்கிட்டு, 'அக்கா, ரெண்டு நிமிஷம்தான் அக்கா'ன்னு நிக்கும். ரூலுன்னா ரூலுதான்னு திருப்பி அனுப்பிடுவேன். ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல. கடைசில வருகை பத்தலைன்னு அத பரீட்சை எழுத விடல. அந்த வருஷமும் ரிசல்ட்ட நான்தான் ஒட்டினேன்."

"மேலதிகாரி சொன்னதைத்தானே நீ செஞ்சே?"

"சொன்னது அவங்க. சாவி எங்கிட்டதானே இருந்துச்சு?"

அதற்குமேல் வீட்டுக்காரரால் கேலி பண்ண முடியவில்லை. இருபது வருடமாக இது இவளுக்குள் கிடந்திருக்கிறது, பக்கத்திலேயே படுத்திருந்தும் தனக்குத் தெரியவில்லையே என்று அவருக்கு வருத்தமாக இருந்தது. போனை எடுத்து டீச்சர் எண்ணை அழுத்தி மனைவி கையில் திணித்தார். மணியக்கா ஒரு வெள்ளிக்கிழமைகூடக் கூப்பிட்டதில்லை. டீச்சர்களைத் தொந்தரவு செய்யக்கூடாது என்பதும் அவர் சட்டம்தான்.

"சொல்லுங்கம்மா" என்றது ஓர் இளம் குரல்.

"டீச்சர், எனக்கு வருகையில மூணு நாள் குறையுதுங்க. பரீட்சை எழுத விடுவீங்களா?"

"வருகையா? எங்ககிட்ட வருகைப் பதிவேடே கிடையாதேம்மா. உங்களுக்கு யாரு ஆப்சென்ட் போட்டது?"

மணியக்கா மேஜைமேல் இருந்த நோட்டைப் பார்த்தார்.

"நான்தாங்க டீச்சர்."

டீச்சர் சிரித்துவிட்டார். மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டதும் சிரிப்பை நிறுத்தி, "என்னம்மா ஆச்சு?" என்று கேட்டார். மணியக்கா கேட்டைப் பற்றியும் அந்தப் பெண்ணைப் பற்றியும் சொன்னார். திக்கித் திக்கிச் சொன்னார். சொல்லி முடித்து, "அதுக்குத் திறக்காதவ எனக்கு மட்டும் எப்படிங்க திறந்துக்குவேன்?" என்றார்.

"அந்தப் பொண்ணு இப்ப வந்து நின்னா என்னம்மா பண்ணுவீங்க?"

"திறந்துடுவேன் டீச்சர். மணி எத்தனைன்னுகூடப் பாக்க மாட்டேன்."

"அது எங்க இருக்கோ, எப்ப வருமோ தெரியாது. இப்ப வாசல்ல நிக்கறது நீங்கதான். உள்ள வாங்கம்மா."

மணியக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வர்றேங்க டீச்சர்" என்றார். வீட்டுக்காரர் தன் போனில் விண்ணப்பத்தைத் திறந்து, தெரிந்ததையெல்லாம் ஒற்றை விரலால் தட்டித் தட்டி நிரப்பிக்கொண்டிருந்தார். ஐந்து மணிக்கு இன்னும் இரண்டு நிமிடம் இருந்தது.