கீதாஞ்சலி படகில் என் கொடிக் கப்பி

என் மருமகள் கீதாஞ்சலிக்குப் பிடிவாதம் ஜாஸ்தி. உன்னைவிடவா என்று கேட்பான் என் பிள்ளை ராகவ். அவனை விடுங்கள். சால்ட் லேக் ஆபீசில் நாள் முழுக்கக் கம்ப்யூட்டரைப் பார்க்கிறவள், ஐம்பதை நெருங்கும்போது, லேக் கார்டன்ஸில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து ஏரியில் பாய்மரப் படகு ஓட்டக் கற்றுக்கொண்டாள். இரண்டு பேர் மட்டும் உட்காரும் சின்னப் படகு. கூட்டாளி எதிர் ஃபிளாட் வங்காளி, ரஞ்சன் பாபு.

படகின் நடுவில் ஒரு பலகை உண்டு. அதைத் தண்ணீருக்குள் இறக்கினால்தான் காற்று படகைப் பக்கவாட்டில் தள்ளாது. கரைக்கு வரும்போது தூக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் சேற்றில் குத்திக்கொண்டு நின்றுவிடும். பாயும் சுக்கானும் ரஞ்சன் கையில். பலகை கீதாஞ்சலி பொறுப்பு. இந்த வருஷம் பார்த்து அவளுக்கு வலது தோள் இறுகிப் போயிற்று. கிளப்பில் கறாராகச் சொல்லிவிட்டார்கள்: பலகையை அவளால் தூக்க முடியாவிட்டால் ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தில் அவள் இடத்துக்கு வேறு ஆள்.

"கரையில உட்கார்ந்து கை தட்டேன்," என்றான் ராகவ்.

"நீங்க தட்டுங்கோ. நான் போறேன்."

சொல்லிவிட்டு அண்ணாந்து பார்த்தாள். பால்கனியில் என் துணிக்கொடி. இரண்டு கப்பி, ஒரு கயிறு. இழுத்தால் துணி போட்ட கழி கூரைவரை ஏறும். என் மடிப் புடவை யார் கையும் படாமல் காயும்.

"அம்மா, இந்தக் கப்பி வேணும்."

"என் புடவை எங்கடி காயும்?"

"நாலு நாள் நாற்காலி மேல போடுங்கோளேன்."

"எல்லாரும் உட்கார்ற நாற்காலி. மடி என்னாறது?"

அதற்குள் ஸ்டூலில் ஏறிவிட்டாள். கயிற்றையும் சேர்த்து உருவிக்கொண்டு போனாள்.

ஒரு கப்பியைப் பலகையோடு கட்டினாள், இன்னொன்றைப் படகோடு. கயிற்றின் ஒரு நுனியைப் படகில் முடிந்து, இரண்டிலும் ஓடவிட்டாள். கயிற்றை இரண்டு மடங்கு இழுக்க வேண்டும், ஆனால் கனம் பாதிதான். கரையில் வைத்து இடது கையாலேயே தூக்கிக் காட்டினாள். என் கப்பியாயிற்றே என்று சனிக்கிழமை நானும் ஏரிக்குப் போனேன்.

போகும்போது நன்றாகத்தான் போனார்கள். திரும்பும்போது பலகை வரவில்லை. என் பருத்திக் கயிறு நனைந்து ஊதி, கப்பியில் சிக்கிக்கொண்டது. கரைப் படிக்கட்டை எட்டாமல் படகு சேற்றில் நின்றது.

"மாஷிமா, உங்க கயிறு தண்ணி குடிச்சுக் குண்டாயிடுச்சு!" என்று ரஞ்சன் கத்தினார். மாஷிமா என்றால் அவர்கள் பாஷையில் மாமி மாதிரி.

"புடவை காயற கயிறு அது. ஏரியில முக்கினா என்ன பண்ணும்?"

கீதாஞ்சலி இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் படகைத் தள்ளினாள். "நைலான் கட்டலாம்னு எத்தனை வருஷமாச் சொல்றேன், நீங்கதான் கூடாதுன்னேள்!"

"கொடிக்குக் கூடாதுன்னேன். படகுக்குச் சொன்னேனா?"

சேற்றில் நின்றபடியே சிரித்துவிட்டாள். சாயங்காலம் ரஞ்சன் கொடுத்த மெல்லிய நைலான் கயிற்றைக் கோத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை படிக்கட்டு முழுக்கக் கூட்டம். அவர்கள் வந்தது கடைசிக்கு முந்தின இடம். நான் பாயைப் பார்க்கவில்லை, அவள் இடது கையைப் பார்த்தேன். இழுத்தாள், இழுத்தாள், கயிறு வந்துகொண்டே இருந்தது. பலகை ஏறிற்று. படகு மெதுவாகப் படியைத் தொட்டது. ராகவ் எழுந்து நின்று கை தட்டினான்.

பருத்திக் கயிற்றை அலசிக் காயவைத்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"கப்பி எங்கே?"

"அது படகுக்குப் பழகிடுத்தும்மா."

என் கொடிக்குப் புதுக் கப்பி வாங்கி, படகில் செய்த மாதிரியே கட்டித் தந்திருக்கிறாள். புடவை பாதி கனத்தில் மேலே போகிறது. நைலான் சுருள் ஒன்றையும் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். அதை ரஞ்சனிடம் கொடுத்தனுப்பிவிட்டேன்.